ஐடி பிடிக்கிறவர்

அவருடைய கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினால் ஒரு பிடி வேர்க்கடலைத் தோல் கொட்டும். நான் தட்டிப் பார்த்திருக்கிறேன். தோலோடு நகத் துண்டு, ஓமப்பொடி, ஏதோ ஒரு மாத்திரையின் பாதி என்று என்னென்னவோ விழுந்தது. சீ என்று போட்டுவிட்டுக் கை கழுவப் போனவள், அன்றைக்குச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குத் திருப்பி எடுத்துப் போனேன்.

துபாய்க்குப் பக்கத்தில், ராஸ் அல் கைமாவில் ஒரு டைல்ஸ் ஃபேக்டரி. இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. நான் பர்சனல் செக்‌ஷனில் செக்ரெட்டரி, அவர் சிஸ்டம் பார்ப்பவர். என் மேசைக்கும் அவர் மேசைக்கும் நடுவில் இடுப்பு உயரத்துக்கு ஒரு பலகைத் தடுப்பு. அவருடைய பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. மரியாதையெல்லாம் ஒன்றும் கிடையாது, எழுதக் கை கூசுகிறது. தவிர, ஃபேக்டரியில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. ‘ஐடி பிடிக்கிற சார்’ என்றால் சூளையில் வேலை செய்கிறவர்களிலிருந்து தொழிலாளர் கேம்ப் சமையல்காரர்வரை எல்லோருக்கும் தெரியும்.

இன்றைக்கு ஒருவர் பெயரைத் தட்டினால் அவர் முகம், அவர் பிள்ளையின் முகம், நேற்று அவர் சாப்பிட்ட பிரியாணி எல்லாம் வந்து நிற்கிறது. அன்றைக்கு அப்படி இல்லை. எல்லோருக்கும் புதிதாக மெயில் ஐடி முளைத்திருந்த காலம். யாருடைய ஐடி என்னவென்று எங்கே போய்க் கேட்பது? எழுதி வைத்த காகிதம் தொலைந்தால் ஆளே தொலைந்த மாதிரி. மேனேஜர் அறையை விட்டால் எங்கள் ஆஃபீஸில் இன்டர்நெட் இருந்த ஒரே கம்ப்யூட்டர் இவர் மேசையில்தான் இருந்தது. லைன் கிடைப்பதற்குள் அந்த மோடம் போடுகிற கத்தல் இருக்கிறதே, பல் கூசும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவர் மேசையைச் சுற்றிக் கூட்டம் நிற்கும். அண்ணன், கூடப் படித்தவன், பழைய சூப்பர்வைசர் என்று ஆளுக்கு ஒருவரைத் தேடிக்கொண்டு வருவார்கள்.

“உலகத்துல தொலைஞ்சவன்னு எவனும் கிடையாது தங்கச்சி. ஒழுங்காத் தேடாதவன்தான் இருக்கான்” என்பார் என்னைப் பார்த்து. நான் அவருக்குத் தங்கச்சியாம். யார் கேட்டார்கள்?

அவர் தேடுகிற விதம் ஒன்றும் பெரிய வித்தை இல்லை, ஆனால் வேறு யாருக்கும் அந்தப் பொறுமை கிடையாது. நம் ஆட்கள் அப்போது சாமி படம் போட்ட மெயிலை ஒருவருக்கொருவர் தள்ளிக்கொண்டே இருப்பார்கள். உடனே பதினோரு பேருக்கு அனுப்பு, நல்ல சேதி வரும், அனுப்பாவிட்டால் கெடுதல் வரும் என்று மிரட்டுகிற மெயில். பயந்துபோய் மாமா, மச்சான், ஆடிட்டர், பல் டாக்டர் வரைக்கும் எல்லோர் ஐடியையும் மேலே போட்டு அனுப்பிவிடுவார்கள். நாலு கை மாறி வருவதற்குள் சாமி தலைக்கு மேல் ஒரு ஊர் ஜனமே ஏறியிருக்கும். மற்றவர்கள் அழிக்கிற அந்த மெயில்களை இவர் கேட்டு வாங்கிச் சேர்ப்பார்.

“எனக்கு சாமி வேண்டாம்மா. மேல நிக்கிற கூட்டம் போதும்” என்று சொல்லிவிட்டு ‘ஹெ ஹெ’ என்று சிரிப்பார்.

அதில் ஆள் கிடைக்காவிட்டால் ஊகம். பெயரோடு அப்பா பெயர், பெயரோடு ஊர் பெயர், பெயரோடு பிறந்த வருடம் என்று விதவிதமாக ஐடி கட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒன்றும் எழுதாத வெறும் மெயில் ஒன்றை அனுப்புவார். அப்படி ஆளே இல்லையென்றால் மெயில் திரும்பி வந்துவிடும். எது திரும்பி வரவில்லையோ அங்கே யாரோ இருக்கிறார்கள் என்று அர்த்தம். திரும்பி வராத ஒன்று அகப்பட்டதும் நாற்காலியில் நிமிர்ந்து, இரண்டு கையையும் பரபரவென்று தேய்த்து, “உள்ள இருக்கான்!” என்பார். பெண்ணாக இருந்தால் “உள்ள இருக்கா!” அந்தக் குரல் எனக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. கதவிடுக்கில் கண்ணை வைத்துப் பார்க்கிறவனின் குரல் அது.

பிடிக்காமலே நானும் ஒரு தடவை அவரிடம் போனேன். திருச்சியில் ஹாஸ்டலில் என்னோடு ஒரே அறையில் மூன்று வருடம் இருந்தவள், கல்யாணம் ஆகி சிங்கப்பூர் போனதோடு தொடர்பு விட்டுப்போனது. “அவளோட ஐடி கிடைக்குமா சார்?” என்று கேட்டேன். அவள் வீட்டுக்காரர் பெயர், வேலை, அவளைச் செல்லமாக எப்படிக் கூப்பிடுவோம் என்றெல்லாம் துருவிக் கேட்டார். அந்த வாரமே பிடித்துவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. மறுநாள் வீட்டில் முறுக்குச் சுட்டு எடுத்துவந்து கொடுத்தேன். இவ்வளவு நல்ல மனுஷரைப் போய் வெறுத்தோமே என்றுகூட நினைத்தேன்.

முறுக்கைக் கடித்துக்கொண்டே சொன்னார்: “பாவம்மா உங்க ஃப்ரெண்டு. ரெண்டாவதும் தங்கலையாமே.”

எனக்குப் புரியவில்லை. அப்புறம்தான் புரிந்தது. என் பெயரில் அவரே ஒரு ஐடி உண்டாக்கி, என்னைப் போலவே அவளுக்கு எழுதியிருக்கிறார். ‘எப்படி இருக்கடி, பிள்ளைங்க எத்தனை’ என்று. அந்தப் பைத்தியக்காரி நான்தான் கேட்கிறேன் என்று நம்பி, கரு கலைந்தது, மாமியார் பேசியது, ராத்திரியெல்லாம் தூக்கமில்லாதது எல்லாவற்றையும் கொட்டி எழுதியிருக்கிறாள். பெற்ற தாயிடம்கூடச் சொல்லாததை இந்த ஆள் கடலை கொறித்துக்கொண்டு படித்து முடித்து, ஒரு நாள் கழித்துத்தான் ஐடியை என்னிடம் தந்திருக்கிறார்.

“அதை நீங்க ஏன் சார் படிச்சீங்க?”

“படிக்காம அவங்கதானான்னு எப்படிம்மா தெரியும்?” என்றார். முகத்தில் ஒரு கூச்சம், ஒரு தடுமாற்றம் இல்லை. நான் எதற்குக் கோபப்படுகிறேன் என்பதே அவருக்கு விளங்கவில்லை. அதற்குப் பிறகு தண்ணீர் குடிக்கக்கூட அவர் மேசைப் பக்கமாகப் போகமாட்டேன், சுற்றிக்கொண்டு போவேன்.

கேம்ப்காரர்களுக்கு அவர்மேல் உயிர். அங்கே ஒரு ரூமுக்கு ஒரு ஐடி, பாஸ்வேர்டு எட்டுப் பேருக்கும் தெரியும், கூடவே இவருக்கும் தெரியும். ஒருவன் தோஹா தொழில்பேட்டைக்கு வேலைக்குப் போய்த் தகவலே இல்லாமல் இருந்த தன் தம்பியைத் தேடச் சொன்னான். இவர் பிடித்தார். தம்பியிடமிருந்து ஒரே வரியில் பதில் வந்தது: ‘என்னைத் தேட வேண்டாம்.’ அதை அத்தனை பேர் நடுவிலும் உரக்கப் படித்தார். அண்ணன்காரன் முகம் செத்துப்போயிற்று.

“தேடாதேன்னு சொல்றதுக்கும் பதில் போட்டுத்தானே ஆகணும்? ஹெ ஹெ. ஆளு மாட்டிக்கிட்டான் பாரு” என்றார் இவர். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். 

ஒன்று சொல்ல மறந்தேன். அவருடைய சொந்த ஐடி என்னவென்று ஒரு ஜீவனுக்குத் தெரியாது. கேட்டால், “நமக்கு எதுக்கும்மா அதெல்லாம்” என்று மழுப்பிவிடுவார். கும்பகோணத்தில் பெண்டாட்டி, பிள்ளை உண்டு. அவர்களுக்கு வாரம் ஒரு ஃபோன், அதோடு சரி.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு மத்தியானம் சூளை ஃபோர்மன் அவரிடம் வந்தார். புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர், வாட்டசாட்டமான ஆள், பேச ஆரம்பித்தால் சூளைச் சத்தத்தையும் மீறிக் கேட்கும். அன்றைக்குக் குரலைத் தணித்துக்கொண்டு பேசினார். அவருடைய அண்ணன் மகள், பெயர் சுகந்தி. வேறு சாதிப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டு ஊரைவிட்டே போய்விட்டாள். பையன் பெயர் இளங்கோ, எலக்ட்ரீஷியன். சென்னை, பெங்களூர் என்று அலசிவிட்டார்களாம், தடமே இல்லை.

“அண்ணன் படுத்த படுக்கையா கெடக்காக சார். தெருவுல தலைகாட்ட முடியல. எங்கன இருக்காகன்னு மட்டும் தெரிஞ்சாப் போதும். மத்ததை நாங்க பாத்துக்குவோம்.”

அந்தக் கடைசி வார்த்தை எனக்கும் கேட்டது. எந்த ஊர்க்காரிக்குத்தான் அதன் அர்த்தம் தெரியாது? ஃபோர்மன் போனதும் தடுப்புக்கு மேலாக எட்டிச் சொன்னேன்.

“சார், இதை மட்டும் செய்யாதீங்க. எங்கயோ நல்லா இருந்துட்டுப் போகட்டும். பிடிச்சுக் குடுத்தீங்கன்னா அந்தப் புள்ளைங்களை உயிரோட விடமாட்டாங்க.”

“அட, நீங்க ஒண்ணு. பெத்தவர் தவிக்கிறார்மா. புள்ளைகளை ஒண்ணாச் சேத்து வெக்கிறது புண்ணியம்.”

“புண்ணியமா? அந்த ஆளு பேசினதைக் கேட்டீங்கதானே?”

“சரி சரி, விட்டுட்டேன். போதுமா?” என்று சிரித்தார். நானும் நம்பினேன். அவருடைய மோடம் கத்துவதை அதற்குப் பிறகு கேட்கும்போதெல்லாம் வேறு யாருக்கோ தேடுகிறார் என்றே நினைத்துக்கொண்டேன்.

நாலைந்து வாரம் போயிருக்கும். ஒரு சனிக்கிழமை காலை ஃபோர்மன் பெரிய அல்வா டப்பாவோடு வந்து இவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார். ஊருக்கு லீவில் கிளம்புகிறாராம்.  “என்ன சார் பண்ணினீங்க?” என்று கேட்டேன். கேட்க மாட்டேனா என்று காத்திருந்த மாதிரி நாற்காலியைத் திருப்பிக்கொண்டு, ஒன்று விடாமல் சொன்னார்.

“புதுசாக் கட்டிக்கிட்டவங்க ஐடி எப்படி வெப்பாங்க சொல்லுங்க? அவன் பேருல பாதி, அவ பேருல பாதி. நூத்துக்குத் தொண்ணூறு பேரு இப்படித்தான். வேற மாதிரி வெக்க மனசே வராது. முன்னப் பின்ன மாத்தி மாத்தி வெறும் மெயில் போட்டேன். ஒண்ணே ஒண்ணு திரும்பி வரலை.”

“ஐடி தெரிஞ்சா ஊர் எப்படித் தெரியும்?”

“அதானே வேலை! சொந்தக்காரன்னு எழுதினா பதில் போடுவானா? ஓடிருவான். அதனால வேலை காலியா இருக்குன்னு எழுதினேன். கல்ஃப்ல எலக்ட்ரீஷியன் வேகன்ஸி, ஃபேமிலி ஸ்டேட்டஸ் உண்டு, பயோடேட்டா அனுப்புன்னு.” அல்வாவை விரலால் வழித்து வாயில் போட்டுக்கொண்டார். “ஊர்லேந்து வரும்னு பாத்தா, ருவைஸ்லேந்து வருதும்மா! இதே நாட்டுல, அந்தக் கோடியில இருந்திருக்கான் பய. அவளை விசிட் விசால கொண்டாந்து வெச்சிருக்கான். விசா முடியப் போகுது. ஃபேமிலி ஸ்டேட்டஸ்னு பாத்ததும் அப்படியே வந்து விழுந்துட்டான்.”

இங்கே இருந்தவர்களுக்கு அந்த இரண்டு வார்த்தையின் அருமை தெரியும். பெண்டாட்டியைக் கூடவே வைத்துக்கொள்ள விசா தருகிற வேலை. அதற்காக எத்தனை பேர் எத்தனை கம்பெனி வாசலில் பயோடேட்டாவோடு நின்றிருக்கிறார்கள். நம் ஆட்களின் பயோடேட்டா வேறு சாதாரணமாகவா இருக்கும்? பாஸ்போர்ட் நம்பர், விசா தேதி, மொபைல், தங்கியிருக்கிற கட்டடம், அப்பா பெயர், சொந்த ஊர், கல்யாணம் ஆனதா என்று ஒன்று பாக்கி வைக்கமாட்டார்கள். எந்தக் கேள்வி விட்டுப்போனாலும் வேலை போய்விடுமோ என்று பயம். ஒளிந்திருந்த பையன் தன் கையாலேயே எல்லாவற்றையும் தட்டி இவருக்கு அனுப்பியிருக்கிறான்.

அதற்குப் பிறகு நடந்ததையும் சிரித்துக்கொண்டே சொன்னார். ஃபோர்மன் வெள்ளிக்கிழமை பட்டுப் புடவை, பழம், பூவோடு ருவைஸ் போயிருக்கிறார். அண்ணன் மன்னித்துவிட்டார், ஊரறிய ஒரு தடவை மாலை மாற்றிவிட்டால் போதும் என்று அழுதிருக்கிறார். ‘உனக்கு வந்த அந்த வேலையும் நான்தாம்ப்பா ஏற்பாடு பண்ணினேன்’ என்றிருக்கிறார். அதைக் கேட்டதும் பையன் காலில் விழுந்துவிட்டான். எப்படியும் விசா முடிகிறது, பெண் இப்போதே சித்தப்பாவோடு போகட்டும், புது வேலையில் சேர்ந்ததும் மாப்பிள்ளை லீவு போட்டு வரட்டும் என்று பேச்சு. இன்றைக்கு சாயங்காலம் ஃப்ளைட். பையனே ஏர்போர்ட்டுக்குக் கூட்டிவருகிறானாம்.

“எல்லாம் சுபம்!” என்றார்.

“அந்த நம்பரைக் குடுங்க.”

“எதுக்கு?”

“குடுங்கய்யா!” என்று கத்தினேன். ஆஃபீஸே திரும்பிப் பார்த்தது. அவருடைய டிராயரை நானே இழுத்து அந்தப் பயோடேட்டாவை எடுத்து, அதிலிருந்த மொபைலுக்கு ஃபோன் போட்டேன். இளங்கோ எடுத்தான். சின்னக் குரல். பின்னால் ஒரு பெண் சிரித்துக்கொண்டே என்னவோ கேட்பதும் காதில் விழுந்தது.

“தம்பி, நான் ராஸ் அல் கைமாவுலேந்து, அந்தக் கம்பெனிலேந்து பேசறேன். அந்த வேலை பொய். அப்படி ஒரு வேகன்ஸியே இல்லை. அவளை அனுப்பாதீங்க.”

பின்னால் இருந்த பெண்ணிடம் ‘ஒரு நிமிஷம்’ என்றான். பிறகு மரியாதையாகத்தான் கேட்டான்: “மேடம், அந்த வேலைக்கு உங்க ஆளு யாராவது காத்துட்டு இருக்காங்களா?”

“ஐயோ, அது இல்லப்பா...”

“இல்ல மேடம், இப்படி ஃபோன் வரும், யாரு என்ன சொன்னாலும் நம்பாதேன்னு மாமா சொல்லியிருக்காரு. அவங்க வீட்லயே ஏத்துக்கிட்டாங்க மேடம். நீங்க கெடுக்காதீங்க” என்று வைத்துவிட்டான். மறுபடி மறுபடி அடித்தேன், எடுக்கவே இல்லை. போலீஸுக்குச் சொல்லலாமா என்று என் வீட்டுக்காரரைக் கேட்டேன். “என்னன்னு சொல்லுவே? சித்தப்பா அண்ணன் மகளை ஊருக்குக் கூட்டிட்டுப் போறார்னா?” என்றார் அவர். சாயங்காலம் அவள் ஃப்ளைட் ஏறிவிட்டாள்.

இரண்டு மாதம் கழித்து அவன் எங்கள் ஆஃபீஸுக்கு வந்தான். மெலிந்து, ஷேவ் பண்ணாமல், கையில் ஒரு பிளாஸ்டிக் பையோடு. என் மேசையில்தான் முதலில் கேட்டான், ஃபோர்மன் இருக்கிறாரா என்று. பெயர் இளங்கோ என்றான். ஃபோர்மன் ஊரிலிருந்து திரும்பவே இல்லை, ரிசைன் பண்ணிவிட்டார் என்றேன்.  திருச்சியில் இறங்கிவிட்டோம் என்று அவளிடமிருந்து ஒரு ஃபோன், அதோடு சரியாம். வீட்டு ஃபோன் கட். ஊருக்குப் போய்ப் பார்த்த நண்பனை அடித்து விரட்டியிருக்கிறார்கள். இவனுக்கு காண்ட்ராக்ட் முடியவில்லை, பாஸ்போர்ட் கஃபீலிடம், அதாவது இவனை வேலைக்கு எடுத்த ஸ்பான்சரிடம்.

“கேன்டீன்ல சொன்னாங்க மேடம். இங்க ஒரு சார் யாரை வேணும்னாலும் கண்டுபிடிச்சுக் குடுப்பாராமே?”

நான் வாயைத் திறப்பதற்குள் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. “வா தம்பி, வா. உக்காரு.” நாற்காலியைக் கையால் துடைத்துப் போட்டார். “தேடற ஆள் பேரு சொல்லு. இனிஷியல்? பொறந்த தேதி?” எல்லாம் தெரிந்த மனுஷர், முதல் தடவையாகக் கேட்கிற மாதிரி கேட்டார். அந்தப் பையன் பவ்யமாக ஒவ்வொன்றாகச் சொன்னான். இவர் கையைத் தேய்த்துக்கொண்டார். அவர் கண்ணில் இருந்த குஷியைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எழுந்து போனேன்.

“இளங்கோ, உங்களுக்கு வேலைன்னு ஒரு மெயில் வந்துச்சே, அதை எழுதினது யாரு தெரியுமா? இதோ உக்காந்திருக்கானே, இவன்தான். இவன்தான் உங்களைப் பிடிச்சுக் குடுத்தவன்.”

அவர் அசையவில்லை. “ஆமா தம்பி” என்றார். “அன்னிக்கு அவர் கேட்டார், செஞ்சு குடுத்தேன். இன்னிக்கு நீ கேக்கறே, செய்யறேன். எனக்கு எல்லாரும் ஒண்ணுதான்.”

பையன் எழுந்தான். கையிலிருந்த பிளாஸ்டிக் பையை மேசைமேல் வைத்தான். அடிடா, அந்த மூஞ்சியிலேயே ஒன்று வை என்று என் மனசு கத்தியது. அடித்திருந்தால் நான் தடுத்திருக்கமாட்டேன். இவர் மட்டும் அவன் முகத்தையே பார்க்காமல் ஸ்க்ரீனைப் பார்த்துக்கொண்டு, “அவ வீட்ல கம்ப்யூட்டர் இருக்கா? பக்கத்துல பிரவுசிங் சென்டர் ஏதாவது?” என்று கேட்டார்.

“வெளியவே விடமாட்டாங்க.”

“அப்ப கஷ்டம் தம்பி. அவ உள்ள வந்தாத்தானே நான் பிடிக்க முடியும்.”

இளங்கோ என்னை ஒரு தடவை பார்த்தான். அவன் வாயிலிருந்து ஏதாவது வரும், அந்த ஆளைத் திட்டுவான், குறைந்தது அழவாவது செய்வான் என்று நின்றேன். அவன் மெதுவாக உட்கார்ந்து, நாற்காலியை அவர் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டான்.

“பரவால்ல சார்” என்றான். “நீங்க மெயில் போட்டுக்கிட்டே இருங்க. என்னிக்காவது ஒரு நாள் வருவா.”